கடைத்தெருவுக்கு வந்த பஸ்

"ஏம்மா ஜெயசுதா, கூடையத் தூக்கு! இது ரோடா, உங்க ஊட்டு வாசலா?"

பாத்திரக்கடை கோவிந்தராஜ் போட்ட சத்தத்தில் செஞ்சி கடைத்தெருவே திரும்பிப் பார்த்தது.

"ஓரமாத்தானே குந்தியிருக்கேன் மொதலாளி?" என்றாள் ஜெயசுதா. சிங்கவரத்திலிருந்து தினமும் மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, அவித்துக் கொண்டுவந்து விற்பவள்.

"இன்னா ஓரம்? பஸ்ஸு பூந்து வரணும். உன் ஒருத்தியால ஊரே கெடணுமா?"

கோபத்தில் நியாயம் இருந்தது. பைபாஸ் போட்டதிலிருந்து வெளியூர் பஸ்கள் ஊரைத் தொடாமலே ஓடின. கடைகளில் ஈ ஓட்டக்கூட ஈ இல்லை. வியாபாரிகள் சங்கத் தலைவரான கோவிந்தராஜ் நடையாய் நடந்து டிப்போ அதிகாரியைக் கரைத்திருந்தார். இன்றைக்கு ஒரே ஒரு பஸ், வெள்ளோட்டம். எங்கும் சிக்காமல் கடைத்தெருவைத் தாண்டினால் எல்லா பஸ்ஸும் உள்ளே வரும். சிக்கினால் பைபாஸே கதி.

ஜெயசுதா கூடையைத் தூக்கினாள். பஸ் வந்தால் ஜன்னலோரம் நாலு பொட்டலம் அவளுக்கும் போகுமே.

மேளம் முழங்க பஸ் வந்தது. கோவிந்தராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. நடிப்பில்லை, மனுஷன் நிஜமாகவே அழுதார்.

பஸ் நின்றது.

"இன்னாப்பா நிக்கிற? வா, வா!"

"எங்க சார் வர்றது?" டிரைவர் கன்னியப்பன் மேலே கை காட்டினார்.

தெருவுக்குக் குறுக்கே வரவேற்பு வளைவு. முந்தின நாள் கோவிந்தராஜ் பக்கத்தில் நின்று கட்டவைத்தது. 'பேருந்தே வருக!' என்ற எழுத்துக்குக் கீழே, கைகூப்பியபடி அவரே மார்பளவுப் படமாகத் தொங்கினார். முகம் நன்றாகத் தெரியட்டும் என்று தாழ்வாகவே கட்டச் சொல்லியிருந்தார். இப்போது அவர் மூக்கும் பஸ் கண்ணாடியும் முட்டிக்கொண்டு நின்றன.

"கத்தி குடுங்க சார், கிழிச்சிட்டுப் போயிடலாம்."

"ஐயையோ, மூஞ்சியக் கிழிச்சிடாதப்பா! ஏணி வரட்டும், பதனமா அவுத்துக்கலாம்."

ஏணி தேடிப் போனவர்கள் போனவர்கள்தான். உள்ளே உட்கார்ந்திருந்த அதிகாரி வாட்சைப் பார்த்தார், உச்சுக்கொட்டினார், விசில் கொடுக்கச் சொன்னார். வந்த வழியே பின்னால் நகர்ந்து பஸ் பைபாஸுக்குப் போய்விட்டது.

கோவிந்தராஜ் தன் படத்துக்கு முன்னால் நின்றிருந்தார்.

தலையில் கூடையோடு ஜெயசுதா வந்தாள். படத்துக்கு அடியில் முழங்காலை மடக்கி, ஒரு மல்லாட்டைகூடச் சிந்தாமல் அந்தப் பக்கம் போய் நிமிர்ந்தாள்.

"நானாச்சும் குனிஞ்சு பூடுவேன் மொதலாளி. பஸ்ஸுக்குக் குனியத் தெரியுமா?"