டேக்டியில் கிடைத்த சங்கு

"சங்கா? டேக்டியிலயா?"

கிளப் ஹவுஸ் மொத்தமும் சிரித்தது. மேஜைமேல் கட்டைவிரல் பருமனில் ஒரு வெள்ளைச் சங்கு. அதைக் கொண்டுவந்த ராமநாதன் மட்டும் சிரிக்கவில்லை.

புனேயில் மகர்பட்டா பக்கம் ஒரு குடியிருப்பின் தமிழ்க் குடும்பங்கள் மாதாமாதம் நடத்துகிற போட்டி அது. பின்னாலிருக்கும் டேக்டியில், அதாவது சின்னக் குன்றில், தானாகக் கிடப்பதைப் பொறுக்கி வர வேண்டும். கல், வேர், விதை, இறகு, எதுவானாலும் சரி. கடையில் வாங்கியது கூடாது. பார்க்கிறவர் வாயைப் பிளந்தால் கோப்பை.

நடுவர் கிருஷ்ணப்ரியா. பசை போட்டு ஒட்டின வேரோடு வந்த சொந்த நாத்தனாரையே வாசலோடு திருப்பி அனுப்பியவள்.

"கடல் எங்க, புனே எங்க மேடம்? சார் கேம்ப் பக்கம் ஏதோ ஃபேன்சி கடையில வாங்கியிருக்கார். தள்ளுங்க இதை!" அதிகம் குதித்தவர் ராமநாதனின் எதிர் ஃப்ளாட்காரர் ஹரிபிரசாத்.

"யோவ் ஹரி! ராணுவ ஸ்டோர்ஸ்ல முப்பத்தாறு வருஷம் சாவிக்கொத்து வச்சிருந்தவன்யா நான். ஒரு ஆணி வீட்டுக்குக் கொண்டு வந்ததில்லை!" ராமநாதன் மேஜையைத் தட்டினார். "மூணாவது வளைவு, உண்ணிச்செடிப் புதருக்கு அடியில கிடந்துது. நீங்க சொல்லுங்கம்மா, நான் பொய்யனா?"

"நாளைக்குப் பதினொரு மணிக்குச் சொல்றேன்."

அவர் முகத்தில் பொய் இல்லைதான். அதற்காகச் சங்கு மலையேறி வந்துவிடுமா?

மறுநாள் காலை கிருஷ்ணப்ரியாவே டேக்டி ஏறினாள். மூணாவது வளைவில் யாரோ குனிந்திருந்தார்கள். ஹரிபிரசாத்! கையில் பிளாஸ்டிக் பை. அதிலிருந்து ஒரு சங்கை எடுத்துப் புதருக்கடியில் பாதி புதைத்துவிட்டு, தள்ளி நின்று அழகு பார்த்தார்.

"நல்லாயிருக்கு சார் லட்சணம்!"

பை நழுவி, சங்குகள் உருண்டன.

"நீங்களே போட்டுட்டு, நீங்களே அவரைப் பொய்யன்னு கத்துவீங்களா? வயசான மனுஷர் மூஞ்சியில கரி பூச அப்படி என்ன வெறி? இருங்க, மைக்கில உங்க மானத்தைக் கப்பலேத்தறேன். கோப்பை அவருக்குத்தான்!"

"ஐயோ, கோப்பை மட்டும் வேண்டாம் மேடம்!"

"வயித்தெரிச்சலைப் பாரு!"

"அதில்லை மேடம். அவருக்கு பைபாஸ் ஆகி எட்டு மாசம். தினமும் நடக்கணும்கறார் டாக்டர். பையன், மருமகள் எல்லாரும் கெஞ்சியாச்சு, டிவி முன்னாலேருந்து நகர்ந்தாத்தானே? இந்தப் போட்டியைச் சொல்லித்தான் கிளப்பினேன். போன மாசம் வாத்து மாதிரி ஒரு வேர் கொண்டு வந்தாரே, அதை இங்க போட்டதும் நான்தான்."

"அதுவுமா? அதிசயம்னு நான் முழு மார்க் போட்டேனேய்யா!"

"போட்டீங்க. அங்கதான் வந்தது வினை."

"ஜெயிச்சது நல்லதுதானே?"

"எங்க நல்லது? கோப்பையை டிவி பக்கத்துல வச்சுட்டுப் பதினெட்டு நாள் சோஃபாவை விட்டு எழுந்திருக்கலை. 'உங்களுது குருட்டு அதிர்ஷ்டம் சார்'னு சீண்டினப்புறம்தான் மறுபடி ஏறினார். இந்தத் தடவையும் ஜெயிச்சுட்டா? அதான் அலிபாக் கடற்கரைக்குப் போய் சங்கா பொறுக்கிட்டு வந்தேன். யாரும் நம்ப மாட்டாங்கல்ல?"

கிருஷ்ணப்ரியா குனிந்து, உருண்ட சங்குகளைப் பொறுக்கிப் பையில் போட்டுக் கொடுத்தாள்.

பதினொரு மணி. இஸ்திரி போட்ட சட்டையில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார் ராமநாதன். கிருஷ்ணப்ரியா மைக்கைப் பிடித்தாள்.

"டேக்டியில சங்கு கிடைச்சுதுன்னா, கேக்கறவங்களுக்கு எங்க போச்சு புத்தி? செல்லாது."

நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"செல்லாதா? நாளைக்குக் காலையிலயே ஏறறேன்! இன்னொரு சங்கு கொண்டு வந்து இதே மேஜையில வைக்கலைன்னா என் பேர் ராமநாதன் இல்லை!"

"வாங்க, பார்க்கலாம்," என்றாள் கிருஷ்ணப்ரியா, முடிந்தவரை ஏளனமாக.