இடப்பக்கச் சுவர்

எலக்ட்ரீஷியன் புது வீட்டுக்குக் குடிவந்து ஆறு மாதமாகிறது. சுவிட்சைக் கதவுக்கு வலப்பக்கம் வைத்தவரும் அவர்தான். ஆனாலும் சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும், பழைய வாடகை வீட்டின் பழக்கத்தில் கை இடப்பக்கத்து வெறும் சுவரைத்தான் தட்டும்.

"ஊருக்கெல்லாம் சுவிட்ச் வைக்கிறீங்க, சொந்த வீட்டுல சுவத்தத் தடவிக்கிட்டு நிக்கிறீங்க" என்பாள் மனைவி.

ஒருநாள் வாசலில் செருப்பைக் கழற்றும்போது போன் வந்தது. பழைய வீட்டில் இப்போது குடியிருக்கும் தையல்காரர்.

"அண்ணே, முன் ரூம் லைட்டு தினமும் சாயங்காலமானா தானா எரியுது. ஒயர்ல கோளாறா?"

அந்த வீட்டுக்கு ஒயர் இழுத்ததும் அவர்தான். கோளாறு வர வழியில்லை. "நாளைக்கு வந்து பாக்கறேன்" என்றபடி உள்ளே நுழைந்தார். கை தன்போக்கில் சுவரைத் தட்டியது.

"இதோ, இப்பக்கூட எரிஞ்சிருச்சு."

அவர் சற்று யோசித்துவிட்டு இன்னொரு முறை தட்டினார்.

"அணைஞ்சிருச்சுண்ணே. இருங்க, சுவிட்ச அமுக்கிப் புடிச்சுப் பாக்கறேன்."

மனைவி சமையலறையிலிருந்து வந்து வலப்பக்கத்துச் சுவிட்சைப் போட்டாள். "அங்க ஒண்ணுமில்லைங்க. எப்பதான் மறக்கப் போறீங்க?"

எலக்ட்ரீஷியன் கையை எடுக்கவில்லை. வெள்ளையடித்த வெறும் சுவரில், அவர் விரல்நுனிக்கு அடியில், இன்னொரு விரல் வெதுவெதுப்பாக இருந்தது.