கடைசிப் பெயர்

கல்லறைத் திருநாளன்று இறந்தவர்களின் பெயர்களை வாசிப்பது உபதேசியார் கிளெமென்ட்டின் வேலை. பெயர் காதில் விழுந்ததும் அந்த வீட்டார் மெழுகுவத்தி ஏற்றுவார்கள்.

பட்டியலில் கடைசிப் பெயர் மேபல் டன்ஸ்டன். ஆஸ்திரேலியாவிலிருந்து லண்டனுக்குத் தனியாக விமானம் ஓட்டிய முன்னோடிப் பெண். ஒருமுறை எஞ்சின் மக்கர் செய்து இந்தச் செம்பட்டிப் பக்கம் நிலக்கடலைக் காட்டில் இறங்கியவள், ஊரார் கொடுத்த கூழைக் குடித்துவிட்டு, தனக்காகவும் வேண்டிக்கொள்ளச் சொல்லிப் போனாள். அடுத்த பயணத்தில் கடலில் விழுந்தாள். உடல் கிடைக்கவில்லை.

அவளுக்கு மெழுகுவத்தி ஏற்ற இங்கே ஆளில்லை. பெயரும் வாயில் நுழையவில்லை. மூன்று வருடமாக அதை வாசிக்காமலே கிளெமென்ட் பட்டியலை மடித்துவிட்டார்.

இந்த வருடமும் மடித்தபோது தலைக்கு மேலே சின்ன விமானம் ஒன்றின் இரைச்சல் கேட்டது.

"மூணு வருசமா இந்த நாள்ல இப்படித்தான் சுத்துது, உபதேசியாரே," என்றாள் கணவனின் கல்லறையருகே நின்ற வியாகுலம்மாள். "எறங்க எடம் கெடைக்காத மாதிரி."

கிளெமென்ட் அண்ணாந்து பார்த்தார். ஒரு பெயருக்கு எவ்வளவு நேரம் ஆகிவிடும்? பட்டியலைப் பிரித்து, திக்கித் திணறி வாசித்தார். இரைச்சல் தாழ்ந்து வந்தது. மெழுகுவத்திச் சுடர்கள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்தன. பிறகு சத்தமே இல்லை.

மறுநாள் காலையில் போய்ப் பார்த்தார். கல்லறைத் தோட்டத்து மதிலுக்கு வெளியே, உழுது போட்ட காட்டின் நடுவில் தொடங்கிய இரண்டு சக்கரத் தடங்கள் மதிலோரம் வந்து முடிந்திருந்தன.

"இம்புட்டு நாளும் அலைய விட்டுட்டேனேம்மா," என்றார்.

மழை பெய்து பத்து நாளாகியிருந்தும் தடத்தில் தண்ணீர் தேங்கியிருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தார்.

உப்புக் கரித்தது.