தேய்த்த இடம்

அமிலத்தில் நனைத்த பஞ்சை இரும்பின் மேல் வைத்து அழுத்தினாள்.

ஒன்றும் தெரியவில்லை.

மேசை மேல் முப்பது ஸ்டியரிங் ஆர்ம்கள். பேருந்தின் சக்கரத்தைத் திருப்புகிறவை. புதுச் சரக்கு என்று சொல்லிக் காலையில் அடுக்கிவிட்டுப் போயிருந்தார்கள். சோதித்தாயிற்று என்று அவள் ஒரு கையெழுத்துப் போட்டால் மதியமே லாரி ஏறிவிடும்.

சூளையிலிருந்து நேரே வரும் இரும்பு கறுத்துப்போய்த்தான் வரும். இவை முகம் கழுவிப் பவுடர் பூசிக்கொண்டு வந்திருந்தன. அதுதான் உறுத்தியது.

போன வாரம் முப்பத்தொன்று வந்தது. இரும்பு பதமாகும் முன்பே சூளையை அணைத்திருந்தார்கள். சோதனைச் சம்மட்டி விழுந்ததும் ஒன்று பிஸ்கட் போல இரண்டாகப் போனது. மீதி முப்பதிலும் உளி வைத்துப் பெருக்கல் குறி அடித்து, மறுபடி உருக்கச் சொல்லித் திருப்பி அனுப்பினாள்.

"இன்னுமா பாக்கறீங்க அம்மிணி?"

மேலாளர் குழந்தைவேலு, கதவருகே.

அவள் திரும்பவில்லை. பஞ்சை மாற்றினாள்.

இரும்புக்குள் அணுக்கள் வரிசை பிசகாமல் நிற்கும். உளி இறங்கினால் வரிசை குலையும். கூட்டமான பேருந்தில் முன்னால் ஒருவர் சாய்ந்தால் பின்னால் நிற்பவர்களும் இடிபடுவதுபோல, பள்ளத்துக்கு அடியிலும் இடிபடும். பள்ளத்தைத் தேய்த்து எடுத்துவிடலாம். அடியில் இருப்பவை இடிபட்டபடியே நிற்கும். அமிலம் அங்கேதான் முதலில் கடிக்கும்.

தேய்த்தவனுக்கு இது தெரியாது. பாவம், நன்றாகத்தான் தேய்த்திருந்தான்.

மெல்ல ஒரு கோடு கறுத்தது.

அதன் குறுக்கே இன்னொன்று.

அவளுடைய குறி. ஒரு கோடு மட்டும் கொஞ்சம் நீளம். அவள் கை எப்போதும் அப்படித்தான் அடிக்கும்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

குழந்தைவேலுவும் பார்த்துவிட்டார். குரலைக்கூடத் தாழ்த்தவில்லை.

"நீங்க கையெழுத்துப் போடலைன்னா நாளைக்கு இந்தச் சேர்ல வேற ஆளு உக்காந்து போடுவாங்க. அவ்வளவுதானுங்க."

அவள் உளியை எடுத்தாள்.

முதல் துண்டில் ஓங்கி அடித்தாள். பட்டறையே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும். இரண்டாவது. மூன்றாவது. முப்பதும் முடிவதற்குள் உள்ளங்கை கன்றிவிட்டது. குழந்தைவேலு செல்போனைக் காதில் வைத்தபடி எப்போதோ வெளியே போயிருந்தார்.

மறுபடி தேய்ப்பார்கள். தேய்க்கட்டும்.

பையை மாட்டிக்கொண்டாள். மேசை இழுப்பறையைத் திறந்தாள். கையெழுத்துக்குப் பக்கத்தில் குத்தும் ரப்பர் ஸ்டாம்ப் அதில்தான் இருக்கும். நாளை வருகிற ஆள் அதை எடுக்காமல் முடியாது.

ஸ்டாம்பை ஓரமாகத் தள்ளி அமிலப் புட்டியை வைத்தாள். பக்கத்தில் பஞ்சு. புட்டிக்கு அடியில் ஒரு துண்டுச் சீட்டு.

'பளபளவென்று வந்தால் இதைத் தடவிப் பாருங்கள்.'

கீழே பெயர் எழுதவில்லை. ஒரு பெருக்கல் குறி போட்டாள்.

ஒரு கோடு மட்டும் கொஞ்சம் நீளமாக விழுந்தது.