பாலம் ஏறிய மஞ்சள் கார்

"சார், அது என் வண்டி! எவனோ திருடிட்டு வர்றான் சார்!"

மாஸ்டர் போட்ட சத்தத்தில் போலீஸ்காரர் விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

மாஸ்டர் என்றால் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். ஊரில் பாதிப் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர். காலையில் ஒரு வேலையாக பஸ் ஏறி வெளியூர் போயிருந்தார். நாளைக்கு வருவதாகச் சொன்ன புயல் இன்றைக்கே வருகிறது என்று கேள்விப்பட்டதும் அடித்துப்பிடித்துத் திரும்பினார். ஆனால் பாலத்தருகே மறித்துவிட்டார்கள். கடலோரத்தில் இருக்கும் அவர் ஊரிலிருந்து வெளியே வரலாம். உள்ளே யாரும் போகக் கூடாது.

வீட்டில் அம்மாவும் மனைவியும் மட்டும்தான். போன் போகவே இல்லை.

பாலத்தின் மேல் வண்டிகள் எறும்பாக ஊர்ந்து வந்தன. அந்தக் கூட்டத்துக்கு நடுவில்தான், கூரையில் 'எல்' போர்டோடு, அவருடைய மஞ்சள் கார்.

"உங்க வீட்டு ஆளுங்களா இருக்கப்போகுது, நல்லாப் பாருங்க" என்றார் போலீஸ்காரர்.

"வீட்டுல யாருக்கு சார் ஓட்டத் தெரியும்? என் சம்சாரம் கத்துத்தாங்கன்னு கல்யாணமான நாள்லேர்ந்து கேட்டா. 'உனக்கெல்லாம் வராது, போய் வேலையப் பாரு'ன்னுட்டேன். ரெண்டு பொம்பளைங்களை அம்போன்னு விட்டுட்டு வண்டியைக் கிளப்பிட்டான் பாருங்க, பாவி!"

கார்க் கண்ணாடியில் மழைத் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. ஓட்டுவது யாரென்று தெரியவில்லை.

திடீரென்று ஏற்றத்தில் முன்னால் நின்ற வேன் பின்பக்கமாக உருள ஆரம்பித்தது.

"போச்சு!" மாஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

ஒன்றும் போகவில்லை. மஞ்சள் கார் தள்ளித்தான் நின்றிருந்தது. ஒரு சாண் இடைவெளியில் வேன் பிரேக் பிடித்தது. வேன் நகர்ந்ததும் மஞ்சள் கார் அந்த ஏற்றத்தில் இம்மியும் பின்வாங்காமல் கிளம்பியது.

"ஹாண்ட் பிரேக்கை விடறப்போ அந்த ஹாஃப் கிளட்ச்சைப் பாத்தீங்களா? அடடா!"

"திருடனையா பாராட்டுறீங்க?"

"திருட்டு வேற, தொழில் வேற சார். இவன் சத்தியமா எங்கிட்டக் கத்துக்கிட்டவன்தான்!"

அதற்குள் பாலத்தின் மறுமுனையில் ஆம்புலன்ஸ் அலறியது. எங்கே வழி விடுவது? ஊசி குத்த இடமில்லை. எல்லோரும் ஹாரன் மட்டும் அடித்தார்கள்.

மஞ்சள் கார் பக்கக் கண்ணாடியை மடக்கியது. மெல்ல ஓரமாகத் திரும்பி, பாலத்துச் சுவரோடு சுவராக ஒட்டி நின்றது. உரசவில்லை. அதைப் பார்த்துப் பின்னால் நின்ற பஸ் ஒதுங்கியது. அப்புறம் ஒரு லாரி. வரிசையாக எல்லா வண்டிகளும் ஒதுங்க, நடுவில் பாதை பிறந்தது. ஆம்புலன்ஸ் சீறிக்கொண்டு போனது. அடைத்துக் கிடந்த மொத்தக் கூட்டமும் அதன் பின்னால் நகர ஆரம்பித்தது. பஸ்ஸிலிருந்தவர்கள் மஞ்சள் காரைப் பார்த்துக் கைதட்டினார்கள்.

கார் பாலத்தை விட்டு இறங்கியதும் மாஸ்டர் பாய்ந்து போய்க் கண்ணாடியைத் தட்டினார். "இறங்குடா கீழே!"

கண்ணாடி இறங்கியது.

உள்ளே அவர் மனைவி. முன் சீட்டில் பக்கத்து வீட்டுக் குழந்தை. பின்னால் அம்மாவும், குழந்தையின் அப்பா அம்மாவும் நெருக்கியடித்துக்கொண்டு.

"ஏங்க! நீங்க பத்திரமா இருக்கீங்களா?" என்றாள் அவள். "ஆளுங்களை ஏத்திட்டுப் போக பஸ் வரும் வரும்னு பாத்தோம், வரலை. தண்ணி வாசப்படி ஏறிடுச்சு. இவங்களையும் ஏத்திக்கிட்டுக் கிளம்பிட்டேன்."

"நீயா? லைசென்ஸ்...?"

"அதெல்லாம் எடுத்து ரெண்டு வருஷம் ஆச்சுங்க."

போலீஸ்காரர் சிரிப்பை மென்று முழுங்கினார். "நிக்காதீங்கம்மா, போய்ட்டே இருங்க. அருமையா ஓட்டுறீங்க."

'நகரு, நான் ஓட்டுறேன்' என்பது மாஸ்டரின் நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் சுற்றிப் போய் முன் சீட்டில் ஏறி, குழந்தையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"நீயே ஓட்டு" என்றார். கார் கிளம்பியது. கொஞ்ச தூரம் போனதும் மெதுவாகக் கேட்டார். "இவ்வளவு நல்லா யாரு சொல்லிக்குடுத்தது?"

அவள் கண்ணாடியில் பின் சீட்டைப் பார்த்தாள்.

"சொல்லிக்குடுத்தது பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து டிரைவிங் ஸ்கூல்ல" என்றாள் அம்மா. "சேத்துவிட்டது நான். முட்டி வலிக்கு ஆஸ்பத்திரின்னு சொல்லிட்டு ரெண்டு மாசம் தினம் காலைல இவளைக் கூட்டிட்டுப் போனேனே, ஞாபகம் இருக்கா? எனக்கு முட்டி வலியே கிடையாதுடா!"