இரண்டு கையிலும் மை

"மாமாவை நம்பிப் போனா, உன் ஓட்டு அவர் கட்சிக்குத்தான் போகும். எழுதி வெச்சுக்கோ," என்றாள் தங்கை.

அக்கா புடவை மடிப்பை நீவிக்கொண்டிருந்தாள்.

தங்கை சொன்னதிலும் தப்பில்லை. அக்காவின் புருஷனான மாமாவுக்குத் தெருவில் 'மைக்செட்' என்று பெயர். பூட்டு சாவிக் கடை வைத்திருக்கிறார். அரத்தால் சாவியை ராவிக்கொண்டே தன் தலைவரைப் பற்றி ஆரம்பித்தார் என்றால் நாலு கடை தள்ளிக் கேட்கும். மற்ற தலைவர்களை அவர் மனுஷ ஜாதியிலேயே சேர்ப்பதில்லை. சாவிக்கு வந்தவர்கள், சாவி கிடைத்தால் போதும் என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுப் போவார்கள்.

இன்று மேயர் தேர்தல். அக்காவுக்குப் பார்வை போய் இரண்டு வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு இதுதான் முதல் ஓட்டு. பார்வை இல்லாதவர்களோடு துணைக்கு ஒருவர் போய், அவர்கள் சொல்லும் சின்னத்தில் பட்டனை அழுத்தலாம். தான் வருவதாக மாடியில் குடியிருக்கும் தங்கை காலையிலிருந்து கெஞ்சிப் பார்த்துவிட்டாள்.

"அவரே வரட்டும்," என்றாள் அக்கா.

பட்ட பிறகுதான் உனக்குப் புத்தி வரும் என்று தங்கை மாடி ஏறிப் போய்விட்டாள்.

வாக்குச்சாவடி, தெருக்கோடிப் பள்ளிக்கூடத்தில். அது வரைக்கும் நடைபாதையில் பதினோரு கல் உடைந்திருக்கிறது. மைக்செட்டின் தோளைப் பிடித்தபடி அவள் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே நடந்தாள். ஏழாவது கல்லில் நின்றாள். போன வருஷம் விழுந்து கையை ஒடித்துக்கொண்ட இடம்.

"நான் சீப்புச் சின்னத்துக்குப் போடணும்ங்க."

சீப்பில் நிற்பது பக்கத்து வார்டில் இருக்கும் ஒரு ரிட்டயர்டு நர்ஸ்; அவருடைய ஓட்டும் அங்கேதான். சுயேச்சை. அன்றைக்கு அவளுக்குக் கட்டுப் போட்டு வீடு வரைக்கும் கொண்டுவந்து விட்டவர், வழியில் இந்தப் பதினோரு கல்லையும் எண்ணி மாநகராட்சிக்கு மனு எழுதினார். நாலு மனு எழுதினார். ஒன்றுக்கும் பதில் வராத கோபத்தில், இப்போது தானே மேயருக்கு நிற்கிறார். டெபாசிட் போய்விடும் என்று அவருக்கே தெரியும்.

"உங்க தலைவர் நாட்டைப் பத்தி நல்லாத்தான் பேசறாரு. இந்தக் கல்லைப் பத்தி அந்தம்மா மட்டும்தான் பேசினாங்க."

மைக்செட் அந்தக் கல்லையே பார்த்தார்.

"இன்னொண்ணும் சொல்லிடறேன். இருபத்தெட்டு வருஷத்துல உங்க கட்சிக்கு நான் ஒரு தடவைகூடப் போட்டதில்ல."

மைக்செட்டின் முகம் சுண்டிப்போயிற்று. ஊரையே பேசிப் பேசித் திருப்பிவிட்டதாக நினைத்திருந்தவர். சொந்த வீட்டில் ஒரு ஓட்டுத் தேறவில்லை. மிச்சம் நாலு கல்லையும் வாயைத் திறக்காமலே தாண்டினார்.

அவளுக்கும் உள்ளுக்குள் பயம்தான். இத்தனை வருஷம் அவளுக்கென்று இருந்த ஒரே ரகசியத்தைச் சொல்லியாகிவிட்டது. இனி பட்டன் அவர் விரலில். பீப் என்ற சத்தம் அவளுக்குக் கேட்கும். எந்தப் பட்டன் என்று அந்தச் சத்தம் சொல்லாது.

முதலில் அவருடைய ஓட்டு. இடது விரலில் மை. பிறகு அவளுக்குத் துணையாக. யாருக்குப் போட்டாள் என்று வெளியில் சொல்ல மாட்டேன் என்று ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, வலது விரலிலும் வைத்தார்கள். பீப் கேட்டது. எந்தப் பட்டன் என்று அவள் விசாரிக்கவில்லை.

வாசலில் தங்கை நின்றிருந்தாள். அவருடைய இரண்டு கையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மாமாவுக்கு இந்தத் தடவை ரெண்டு ஓட்டு," என்றாள். தெருவே சிரித்தது. அக்காவும் சிரித்து வைத்தாள். ஆனால் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்று நாள் கழித்து முடிவு வந்தது. மைக்செட்டின் கட்சி பெரிய வித்தியாசத்தில் ஜெயித்திருந்தது. கட்சி ஆபீசில் கூட்டம் தாங்கவில்லை. அவரோ பொழுது சாய்வதற்குள் வீட்டுக்கு வந்து, சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டார். பாக்கெட்டிலிருந்து ஒரு தாள் எட்டிப் பார்த்தது. எந்தப் பூத்தில் யாருக்கு எத்தனை என்ற பட்டியல்.

தங்கை விடுவாளா? அக்கா அந்த நர்ஸுக்குத்தான் போட நினைத்திருப்பாள் என்று அவள் எப்போதோ ஊகித்துவிட்டாள். தாளை உருவிக்கொண்டாள். தங்கள் பூத்தில் சீப்புக்கு நேரே ஒரு முட்டை இருக்கும், அதை அக்கா காதில் சத்தமாகப் படிக்க வேண்டும் என்று வரிவரியாக விரலை ஓட்டிக்கொண்டு வந்தவள், நின்றுவிட்டாள்.

"எவ்வளவுடி?" என்றாள் அக்கா.

"ரெண்டு."

அக்காவின் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

"ஒண்ணு என்னுது. இன்னொண்ணு?"

நம்ம கோட்டையில் சீப்புக்குப் போட்ட அந்த ரெண்டு துரோகி யார் என்று வட்டச் செயலாளர் குதித்துக்கொண்டிருப்பதாகவும், அதைக் கண்டுபிடிக்கிற பொறுப்பைத் தன்னிடமே கொடுத்திருப்பதாகவும் மைக்செட் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"கண்டுபிடிச்சீங்களா?"

மைக்செட் இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டார். பக்கத்து வீட்டுக்குக்கூடக் கேட்காத குரலில் சொன்னார்.

"ஒருத்தி ஒத்தையாப் போறாளேன்னு, எவனோ துணைக்குப் போயிருக்கான்."