இருக்கையின் அளவு

“மாச வாடகையக் கொஞ்சங் கொறைங்க” என்று பனியன் கம்பெனி நடத்தும் தரணீதரன் கேட்டு வாய் மூடவில்லை, “செரிங்க” என்கிறான் கார் ஷோரூம்காரன். பேரமில்லாமல் விலை இறங்கும் துணிப் பண்டலைப் பிரித்துப் பார்க்காமல் தரணீதரன் வாங்கியதே இல்லை. முதன்முதலாகக் குத்தகைக்கு எடுக்கவிருக்கும் மின்சாரக் காருக்குள், முன்பு யாரோ ஓட்டித் திருப்பிக் கொடுத்த அந்த வண்டிக்குள், ஏறி உட்கார்கிறார். ஓட்டியவருக்கேற்ற இருக்கை அளவை நினைவில் வைத்திருக்கும் பொத்தானை அமுக்குகிறார். மாலை வெயிலில், முனகல்கூட இல்லாமல் இருக்கை முன்னே நகர்ந்து, மேலெழுந்து, அவர் முழங்கால் ஸ்டியரிங்கில் முட்டியதும் நிற்கிறது. பக்கக் கண்ணாடிகள் மெல்லத் திரும்பி, அவரைவிடக் குள்ளமான யாரோ ஒருவரின் கண்களைத் தேடுகின்றன. “இத யாருங்க ஓட்டுனது?” ஷோரூம்காரன் கையிலிருக்கும் சாவியையே பார்க்கிறான். “அந்தம்மா இப்ப இல்லீங்க. ஊட்டுக்காரருதான் கொண்டாந்து உட்டாருங்க.” இருக்கை அப்படியே காத்திருக்கிறது. “வேணும்னா இன்னுங் கொஞ்சங் கொறைச்சுக்கறமுங்க.”